டீ டோக்கன்

கேள்விகளில் இரண்டு வகை உண்டு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் லெரா. ஒன்று நிஜக் கேள்வி, இன்னொன்று அமெரிக்கக் கேள்வி. லெரா இருபத்திரண்டு வயது ரஷ்யப் பெண், ஜவுளித் தொழில்நுட்பம் படிப்பவள். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் வெளிநாட்டில் வேலை பழக வேண்டும் என்று ஒரு மாணவர் அமைப்பு மூலமாகத் திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள். அவளோடு வந்த இன்னொரு மாணவனைப் பக்கத்தில் மங்கலத்தில் ஒரு தறிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் ரோஸ்மேரி, மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் மெயிலில் கேட்பதற்கெல்லாம் "கண்டிப்பாக" என்று பதில் போட்டுவிட்டு, அதை எப்படிச் செய்வது என்று கேட்க மாடிக்கு ஓடுவதுதான் என் வேலை. இங்கிலீஷ் நன்றாகப் பேசுவேன் என்று ஆபீசில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வந்த அன்று அவளுக்கு ஒரு முழம் மல்லிகைப் பூ வாங்கிக் கொடுத்தேன். "எங்கள் ஊரை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்று ஆசையாகக் கேட்டேன். பூவைக் கையில் வைத்துக்கொண்டே, "இந்தத் தடவை அமெரிக்க விசா கிடைக்கவில்லை" என்றாள். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. என் மூக்கு உடைந்தது. திமிர் பிடித்தவள் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

பிறகுதான் தெரிந்தது, அவள் முகமே அப்படி. அவர்கள் ஊரில் காரணம் இல்லாமல் சிரித்தால் இவனுக்கு என்ன ஆச்சு என்றுதான் பார்ப்பார்களாம். முன்பு ஒரு கோடையில் அமெரிக்காவில் கடற்கரை ஊர் ஒன்றில், காலை டிபன் போடும் ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்திருக்கிறாள். தினமும் காலையில் மேனேஜர் வந்து "ஹவ் ஆர் யூ?" என்பாராம். இவள் முதல் நாள் நின்று நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறாள். ஒரு அறையில் எட்டுப் பெண்கள் படுக்கிறோம், தூக்கம் இல்லை, இடது முழங்கால் வலிக்கிறது. மேனேஜர் "ஆசம்!", அதாவது பிரமாதம், என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் தினமும் பதில் சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாளாம். கடைசி நாள் எல்லோரும் கட்டிப்பிடித்து, "எப்போது வேண்டுமானாலும் எங்கள் வீட்டுக்கு வா" என்றிருக்கிறார்கள். இவள் டைரியை எடுத்து, "எந்தத் தேதி?" என்று கேட்டாளாம். விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

இதைச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டாள். "இங்கே எல்லோரும் என்னைச் சாப்டீங்களா, சாப்டீங்களா என்கிறார்களே. அது நிஜக் கேள்வியா, அமெரிக்கக் கேள்வியா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நிஜக் கேள்விதான். இல்லை என்று சொல்லிப் பார், சோறு போடாமல் விடமாட்டார்கள். நாங்கள் ஒன்றும் அமெரிக்கர்கள் இல்லை" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை அப்படியே நம்பினாள்.

அவளை என்ன வேலையில் போடுவது என்று முதலாளி தங்கராஜுக்குத் தெரியவில்லை. இரண்டாம் மாடியில் செக்கிங்கில் உட்கார வைத்தார். தைத்து வரும் பீஸை விரித்து, ஓட்டை, கறை, நூல் தொங்கல் இருக்கிறதா என்று பார்க்கும் இடம். அறுபத்திரண்டு பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டு பார்ப்பார்கள். லெராவுக்கு மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் விஜயராணி, என் அம்மா.

அம்மா இந்தக் கம்பெனியில் என் அம்மா இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, இப்படித்தான் சொல்ல முடிகிறது. அம்மா கம்பெனி பஸ்ஸில் ஏழே முக்காலுக்கு வருவாள், நான் ஸ்கூட்டரில் ஒன்பதரைக்கு வருவேன். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து நாங்கள் திருப்பூர் வந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மா நின்று நின்று சம்பாதித்ததில்தான் நான் பி.காம். படித்தேன், இங்கிலீஷ் கிளாசுக்குப் போனேன். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, மேலே செக்கிங்கில் இருப்பது உன் அம்மாவா என்று ஆபீசில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி. மாடி சூப்பர்வைசர் மருதாசலத்துக்கு மட்டும் தெரியும். அவர் நாசூக்கானவர், காட்டிக்கொள்ள மாட்டார்.

அந்த நாசூக்கான மனிதரின் மேஜைக்கு மேலே ஓர் ஆணி. அதில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கோன் தொங்கும். நூல் தீர்ந்தபின் மிஞ்சுகிற வெறும் கோன்தான். அதற்குப் பெயர் டோக்கன். கக்கூசுக்குப் போகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்து மாட்ட வேண்டும். அடுத்தவர் அப்புறம்தான் போகலாம். அறுபத்திரண்டு பேருக்கு ஒரு டோக்கன். ஷிப்மென்ட் நெருக்கினால் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை அதுவும் ஆணியில் இருக்காது. யாராவது போய்க் கேட்டால் மருதாசலம் கோபிக்கவே மாட்டார். "கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா, இந்த லாட் முடிஞ்சிரட்டுமுங்க" என்பார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னால் யார் சண்டை போடுவது?

அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். மே மாதத்தில் குளிர் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தாள். மூத்திரத்தில் கிருமி, இன்னொரு தடவை வந்தால் கிட்னிக்குப் போய்விடும், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் ஒரு பெரிய எவர்சில்வர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். மகள் கடமை முடிந்தது. அந்தப் பாட்டில் காலையில் நிறைந்து போகும், மாலையில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். எனக்குத் தெரியும். கீழே ஆபீசில் எங்களுக்கு டைல்ஸ் போட்ட, சோப்பு வைத்த தனி டாய்லெட். நான் நினைத்தபோது போவேன், வருவேன்.

பாட்டிலில் குறைந்த தண்ணீரும் அம்மா குடித்தது இல்லை. லெரா குடித்தது. அம்மா அவளுக்குத் தன் சோற்றில் பங்கு கொடுத்தாள், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள், போனில் என் போட்டோவைக் காட்டி "என் மவ" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு மாதம் பக்கத்தில் நின்றதில் லெராவுக்குத் தண்ணி, சோறு, வலி, டோக்கன் என்று கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் ஆபீசுக்கு வந்து கேட்டாள். "உன் அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?" பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "அது அவர்களுடைய பழக்கம்" என்றேன்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் காலை, மறுநாளே கிரெக் வருவதாக மெயில் வந்தது. அமெரிக்க பையர் கம்பெனியின் ஆள். குழந்தைகள் டி-ஷர்ட், பெரிய ஆர்டர். தொழிலாளர்களை எப்படி வைத்திருக்கிறோம் என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாராம். தங்கராஜ் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இதை நீதான் பாத்துக்கோணும். பொம்பளைங்ககிட்ட என்ன கேட்டா என்ன சொல்லோணும்னு இன்னிக்கே சொல்லிக் குடுத்துரு. ஒரு சொல்லு மாறப்படாது. இது முடிஞ்சுதுன்னா நீதான் சீனியர் மெர்ச்சண்டைசர்."

அன்று மதியம் இரண்டாம் மாடியில் ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணி வசதி இருக்கா? "இருக்குங்க." கக்கூசுக்கு எப்ப வேணா போலாமா? "போலாமுங்க." அறுபத்திரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்து சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் அம்மாவும் வாயசைத்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பேப்பரைப் பார்த்தேன்.

லெரா கிட்டே வந்தாள். "பதில் அவர்களிடம் இருக்கிறதே, நீ ஏன் கொடுக்கிறாய்?"

"நாளைக்கு நீ சிரித்துக்கொண்டு நில், போதும்."

"இதையே அமெரிக்காவிலும் சொன்னார்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மாடியெல்லாம் பினாயில் வாசனை. ஆணியில் கோன் இல்லை, மருதாசலம் அதை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். கிரெக் நல்ல உயரம். நல்ல மனிதரும்கூட. அதை மறைத்துப் பயன் இல்லை, குற்றத்தை அவர் தலையில் கட்ட முடியாது. எல்லோரையும் பார்த்துச் சிரித்தார், துணியைத் தொட்டுப் பார்த்து "ஆசம்" என்றார், படிக்கட்டைப் பார்த்தும் "ஆசம்" என்றார். மூன்றாவது வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நிற்பதைக் கண்டதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"ஹேய்! ஹவ் ஆர் யூ?"

லெரா கையிலிருந்த பீஸைக் கீழே வைத்தாள். "நீங்கள் நிஜமாகக் கேட்கிறீர்களா? இல்லை, அமெரிக்கர்கள் கேட்பது மாதிரிக் கேட்கிறீர்களா?"

கிரெக் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பு மெல்ல அடங்கியது. "நிஜமாகத்தான் கேட்கிறேன்" என்றார்.

அவள் சொன்னாள். எண்ணிக்கையோடு சொன்னாள். அறுபத்திரண்டு பெண்கள், டாய்லெட் போக ஒரு மஞ்சள் கோன், மதியம் மூன்று மணி நேரம் அதுவும் இல்லை. "நேற்று வரை அந்த ஆணியில் இருந்தது" என்று கை நீட்டினாள். எல்லோரும் வெறும் ஆணியைப் பார்த்தோம்.

தங்கராஜுக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும், ஆனால் டாய்லெட் என்ற சொல் புரிந்துவிட்டது. வாயில் சிரிப்பு மாறாமலே, "கண்ணு, அவருகிட்ட எடுத்துச் சொல்லு கண்ணு" என்றார்.

எடுத்துச் சொன்னேன். "இவள் மாணவி, புதுசு. தமிழ் தெரியாது, இங்கிலீஷும் சுமார்தான். தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்." லெராவை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

கிரெக் யோசித்தார். "யாராவது ஒருவரைக் கேட்டுவிடலாமே" என்று திரும்பினார். லெராவுக்குப் பக்கத்தில் நின்றது அம்மாதான். "இவர் யார்?"

அங்கேதான் எனக்குக் கடைசி வாய்ப்பு இருந்தது. என் அம்மா என்று இரண்டே சொல். "எங்கள் சீனியர் தொழிலாளி" என்றேன்.

"நினைத்தபோது டாய்லெட் போக முடிகிறதா என்று கேளுங்கள்."

நான் அம்மாவிடம் திரும்பினேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு நொடி திணறினேன். பிறகு, "ஏனுங்கக்கா" என்றேன். ஆமாம், பெற்றவளை அப்படித்தான் கூப்பிட்டேன். "ஏனுங்கக்கா, கக்கூசுக்கு எப்ப வேணா போக முடியுதான்னு சார் கேக்கறாருங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். முந்தின நாள் பாடம் ஒப்பித்தவள்தானே, "போலாமுங்க" என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை.

"டோக்கன் கெடச்சாத்தாம்மா போவ முடியும். எல்லாருக்கும் ஒரு டோக்கன். மத்தியானத்துக்கு மேல அந்த டோக்கனையும் தரமாட்டாவ. அடக்கிக்கிட்டே நின்னு போன மே மாசம் காய்ச்ச வந்து கெடந்தேன். தண்ணி குடிங்காரு டாக்டரு. குடிச்சிட்டு நான் எங்க போவ?"

மருதாசலம் தரையைப் பார்த்தார். கிரெக் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பிரச்சினையும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நன்றாகப் பேசுகிறவள் அல்லவா.

"டோக்கன் என்று ஏதோ சொன்னாரே?"

அது இங்கிலீஷ் சொல் என்பதையே மறந்துபோயிருந்தேன். வாயில் எது வந்ததோ அதைச் சொன்னேன். "டீ டோக்கன். எல்லாத் தொழிலாளர்களுக்கும் தினமும் இலவசமாக டீ கொடுக்கிறோம். டோக்கன் காட்டினால் டீ. அதைத்தான் சந்தோஷமாகச் சொல்கிறார்."

"இலவச டீ! ஆசம்!" கிரெக் முகம் மலர்ந்து அம்மாவிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அம்மா அந்த விரலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் டீ என்றால் என்ன என்று தெரியும்.

கிரெக்கின் கார் கேட்டைத் தாண்டியதும் தங்கராஜ் என் தோளைத் தட்டி, "பொழச்சோம் கண்ணு" என்றார். படிக்கட்டில் லெரா காத்திருந்தாள்.

"உன் அம்மா மூன்று தடவை டோக்கன் என்றார். நான் எண்ணினேன். நீ முதலில் சொன்ன இங்கிலீஷில் ஒரு தடவைகூட இல்லை."

"உனக்கு எங்கள் ஊர் புரியாது" என்றேன்.

"எனக்கு அமெரிக்கர்களும் புரியவில்லைதான். ஆனால் அவர்கள் பதிலைக் காதில் வாங்குவதில்லை, அவ்வளவுதான். நீ முழுசாகக் கேட்டாய்."

அன்று மாலை வீட்டில் அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏங்கினேன் என்றே சொல்லலாம். அவள் குழம்பு வைத்தாள், எனக்குப் பரிமாறினாள், துவைத்த துணியை மடித்து வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து லெராவை முன்கூட்டியே அனுப்பிவிடச் சொன்னார் தங்கராஜ். கடிதம் அடித்தது நான். உற்சாகமானவள், கற்கும் ஆர்வம் உள்ளவள், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்று நல்ல நல்ல சொல்லாகப் போட்டு, பயிற்சி முடிந்துவிட்டது என்று எழுதினேன். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். டாக்சியில் ஏறும்போது எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "அடுத்த வருஷம் கண்டிப்பாக எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்" என்றேன்.

"எந்தத் தேதி?" என்றாள் லெரா. நான் சிரித்துச் சமாளித்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் கிரெக்கின் மெயில் வந்தது. ஆர்டர் உறுதி. எங்கள் கம்பெனியில் அவரை மிகவும் கவர்ந்தது டீ டோக்கன் என்றும், மற்ற கம்பெனிகளுக்கும் சொல்ல வசதியாகத் தொழிலாளர்கள் டோக்கனோடு டீ குடிக்கும் போட்டோ வேண்டும் என்றும் எழுதியிருந்தார். ரோஸ்மேரியின் உதவி அருமை என்று ஒரு வரி தனியாக.

நான் வெலவெலத்துப் போய்த் தங்கராஜிடம் காட்டினேன். அவர் அசரவில்லை. "டீதானே கண்ணு, போட்டுட்டாப் போச்சு" என்றார். அடுத்த நாளே அட்டை அடித்து, லேமினேஷன் போட்டு, துவாரம் குத்திக் கயிறு கோத்து, அறுபத்திரண்டு டீ டோக்கன் வந்து இறங்கியது. மூன்றரை மணிக்கு டீ. கக்கூஸ் டோக்கனா? டிராயரிலிருந்து எழுந்து ஆணிக்குத் திரும்பிவிட்டது, மஞ்சளாக, ஒன்றே ஒன்று. அதைப் பற்றி மெயிலில் ஒன்றும் இல்லையே.

போட்டோ எடுத்ததும் நான்தான். அம்மாவை முன் வரிசையில் நிறுத்தியது மருதாசலம், கிரெக்குக்குத் தெரிந்த முகம் என்று. கழுத்தில் டோக்கன், கையில் ஆவி பறக்கும் டம்ளர். "சிரிங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் பல் தெரியச் சிரித்தாள். போட்டோ முடிந்ததும் டம்ளரைப் பக்கத்தில் நின்றவளிடம் நீட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நான் போனில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பது போல நடித்தேன்.

அன்று மாலை சீனியர் மெர்ச்சண்டைசர் ஆன இனிப்போடு வீட்டுக்கு வந்தேன். அம்மா எனக்கு முன்பே வந்திருந்தாள். தண்ணீர் பாட்டில் வழக்கம்போலக் கனமாக மேஜைமேல் இருந்தது. இனிப்பை நீட்டினேன். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாருக்குட்டி" என்றாள்.

"அம்மா, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"முந்தின நாளு நீ சொல்லிக்குடுத்தத அப்பிடியே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள் அம்மா. "வேற யாரு கேட்டிருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பேன். நீ கேட்டியா, உள்ளதச் சொல்லிட்டேன்."

அவள் கழுத்திலிருந்து டீ டோக்கனைக் கழற்றினாள். அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். முந்தானையால் அதைத் துடைத்து என் முன்னால் வைத்தாள்.

"ஏட்டி, தப்பா நெனைக்காத. எனக்கு டீ வேண்டாம். இதக் குடுத்தா ஒங்க ஆபீசு கக்கூசுல ஒரு தடவ விடுவாவளா?"

குத்திக் காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அது நிஜக் கேள்வி. என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.